'நார்மல்'னா எவ்வளவு? - பெட்ரோலில் கலந்த ஈயத்தின் கதை

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்ம கண்ணு எங்க போகும்? நமக்கு வந்திருக்குற எண்ணுக்குப் பக்கத்துல 'நார்மல்'னு ஒரு அளவு போட்டிருப்பாங்களே, அங்கதான். அதுக்குள்ள இருந்தா ஒரு பெருமூச்சு, ரிப்போர்ட்டை மடிச்சு பீரோவுல வச்சுடுவோம். அந்த நார்மலை யார் முடிவு பண்ணாங்க, யாரோட ரத்தத்தைப் பார்த்து முடிவு பண்ணாங்கன்னு கேக்குறதில்லை.

ஈயம் விஷயத்துல ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் டாக்டர் இல்லை. பூமிக்கு என்ன வயசுன்னு கண்டுபிடிக்க உட்கார்ந்த ஒரு வேதியியல் ஆள். அவர் கேட்டதுக்கு முன்னாடி 40 வருஷம் உலகமே ஒரு தப்பான 'நார்மலை' வச்சு நிம்மதியா இருந்துச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபிஸ்ல ஆணி அதிகம் இருக்குறவங்க சாயங்காலமா வந்து படிங்க :)

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஈயம்னதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதும் ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேற உலோகம். நாம பேசப்போறது காரீயம். பேட்டரிக்குள்ள இருக்குமே, அந்த ஈயம். இனிமே ஈயம்னு எழுதினா காரீயம்னே எடுத்துக்கோங்க.

டொக் டொக் சத்தம்

1920 வாக்குல அமெரிக்காவுல கார் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி இருந்துச்சு. இன்ஜினுக்குள்ள பெட்ரோல் - காற்றுக் கலவையை எவ்வளவு அழுத்துறோமோ அவ்வளவு சக்தி கிடைக்கும். ஆனா ரொம்ப அழுத்தினா, ஸ்பார்க் பிளக்குல இருந்து தீ பரவுறதுக்கு முன்னாடியே கலவையில ஒரு பகுதி தானா வெடிச்சுடும். டொக் டொக்னு சத்தம். சக்தி போகும், இன்ஜினும் கெடும்.

இதுக்கு மருந்து தேடுற வேலை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல தாமஸ் மிட்ஜ்லிங்கிற மெக்கானிக்கல் இன்ஜினியர்கிட்ட வந்துச்சு. நம்ம ஜாதிதான், இன்ஜினியர் ஜாதி. கைக்குக் கிடைச்சதையெல்லாம் பெட்ரோல்ல கலந்து பார்த்தார். 1921 டிசம்பர் 9-ம் தேதி டெட்ரா எத்தில் லெட்ங்கிற ஈயக் கலவையைக் கொஞ்சமா கலந்ததும் சத்தம் நின்னு போச்சு.

இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, சாராயம், அதாவது எத்தனால் கலந்தாலும் இந்தச் சத்தம் அடங்கும். அது மிட்ஜ்லிக்கே தெரியும். ஆனா எத்தனாலை யார் வேணும்னாலும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. நிறைய கலக்கவும் வேணும். ஈயக் கலவையோ ஒரு காலனுக்குச் சில கிராம் போதும், காப்புரிமையும் உண்டு. ரெண்டாவது, ஈயம் விஷம்ங்கிறது அப்ப புதுச் செய்தி இல்லை. ரோமானியர் காலத்துல இருந்தே தெரியும். அதே 1921-ல், மிட்ஜ்லி கண்டுபிடிப்புக்குச் சில வாரம் முன்னாடிதான், கட்டடங்களுக்கு உள்ளே அடிக்கிற பெயின்ட்ல வெள்ளை ஈயத்தைக் கட்டுப்படுத்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கையே போட்டிருந்துச்சு.

கம்பெனிக்காரங்க புத்திசாலிங்க. புதுப் பெட்ரோலுக்கு 'எத்தில்'னு பேர் வச்சாங்க. பேர்ல ஈயம்ங்கிற வார்த்தையே கிடையாது. 1923 பிப்ரவரியில ஓஹையோ மாநிலத்துல டேட்டன் நகரத்துல விற்பனை ஆரம்பிச்சுது. அந்தச் சமயத்துல மிட்ஜ்லியே உடம்புல ஈயம் ஏறி, ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போயிருந்தார்!

பைத்தியக்கார கேஸ்

1924 அக்டோபர். நியூ ஜெர்சியில பேவேங்கிற இடத்துல ஸ்டாண்டர்ட் ஆயில் ஆலை. ஈயக் கலவை தயாரிக்கிற பிரிவுல வேலை பார்த்தவங்களுக்கு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா புத்தி தடுமாற ஆரம்பிச்சுது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, யாரோ துரத்துற மாதிரி ஓடுறாங்க, வலிப்பு. சிலரைக் கட்டிப்போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. 5 பேர் செத்துப்போனாங்க, 30 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில. டூபாண்ட் கம்பெனியோட டீப்வாட்டர் ஆலையிலயும் இதே கதை. அங்க வேலை பார்த்தவங்க இல்லாத பூச்சிகளைக் கையால விரட்டிட்டே இருந்ததால அந்தக் கட்டடத்துக்கே 'பட்டாம்பூச்சி வீடு'ன்னு பேர் வந்துச்சு. பத்திரிகைகள் இந்தப் பெட்ரோலுக்கு 'பைத்தியக்கார கேஸ்'னு பேர் வச்சாங்க.

மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டார். அவங்க முன்னாடியே ஈயக் கலவையைக் கையில ஊத்திக் கழுவினார். பாட்டிலை மூக்குக்கிட்ட வச்சு ஒரு நிமிஷம் மோந்து காமிச்சார். தினமும் இப்படிச் செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னார். ஃப்ளோரிடா சமாச்சாரத்தைப் பத்தி வாயே திறக்கலை.

1925 மே மாசம் அமெரிக்க அரசு வாஷிங்டன்ல ஒரு மாநாடு கூட்டுச்சு. யேல் பல்கலைக்கழகத்தோட யாண்டல் ஹெண்டர்சனும், ஹார்வர்டுல சேர்ந்த முதல் பெண் பேராசிரியரான ஆலிஸ் ஹாமில்டனும் எதிர்த்து நின்னாங்க. அவங்க கவலை ஆலைத் தொழிலாளி மட்டும் இல்லை. தெருவுல நடக்குற ஒவ்வொருத்தரும் தினம் கொஞ்சம் கொஞ்சமா சுவாசிப்பாங்களே, அதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டாங்க. ஆபத்து ரொம்ப மெதுவா வரும், ஜனங்க முழிச்சுக்கிறதுக்குள்ள எல்லா இடத்துலயும் பரவியிருக்கும்ங்கிறதுதான் ஹெண்டர்சன் வாதம். எதிர்த்தரப்போ இதைக் கடவுள் கொடுத்த வரம்னு சொன்னாங்க.

விற்பனையை நிறுத்தி வச்சு, ஒரு நிபுணர் குழு போட்டாங்க. அவங்க 252 பேரைப் பரிசோதிச்சாங்க. சில மாசத்துல முடிச்சு, 1926 ஜனவரியில, தடை செய்யப் போதுமான காரணம் இல்லைன்னு அறிக்கை கொடுத்தாங்க. ஆனா அதே அறிக்கையில, பாதிப்பு தெரிய வருஷக்கணக்கு ஆகலாம், அதனால தொடர்ந்து ஆராயணும்னும் எழுதியிருந்தாங்க. முதல் பாதியை எல்லாரும் படிச்சாங்க. ரெண்டாவது பாதியைச் செய்யுற வேலை யாருக்குப் போச்சு தெரியுமா? ஈயம் விக்கிற கம்பெனிகளுக்கே!

கெஹோ போட்ட கணக்கு

சின்சினாட்டி பல்கலைக்கழகத்துல ராபர்ட் கெஹோன்னு ஒரு மருத்துவர். எத்தில் கம்பெனிக்கு மருத்துவ ஆலோசகர். கம்பெனிகள் பணத்துல அவருக்காக ஒரு ஆராய்ச்சிக்கூடமும் வந்துச்சு. அடுத்த 40 வருஷத்துக்கு ஈயம் - உடல்நலம்னு யார் பேசினாலும் அவர் தரவைத்தான் காட்டணும்ங்கிற நிலைமை.

அவரோட வாதத்தைச் சுருக்கமா சொன்னா இதுதான். எல்லார் உடம்புலயும் ஈயம் இருக்கு, அது இயற்கை. உள்ள போற ஈயம் கழிவா வெளிய போயிடுது. 100 மில்லி ரத்தத்துல 80 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாது. பொதுஜனம் எல்லாம் அதுக்குக் கீழதான் இருக்காங்க. இதுக்கு மேலயும் கெடுதல்னு சொல்றவங்க ஆதாரத்தைக் காட்டட்டும், காட்டினா நிறுத்துறோம்.

கேக்க ரொம்ப நியாயமாத்தானே இருக்கு? ஓட்டை எங்கன்னா, ஒப்பிட எடுத்த ஆட்கள்ல. ஈயக் கலவையைத் தொட்டு வேலை செய்யுறவங்களை, அதே ஆலையில வேற வேலை பார்க்குறவங்களோட ஒப்பிட்டார். ரெண்டு பேர் உடம்புலயும் ஈயம். அப்ப இது பெட்ரோலால வரலைன்னு முடிவு. கார் இல்லாத ஊர்ல பார்ப்போம்னு மெக்சிகோ கிராமத்துக்கும் போனார். அங்கயும் ஈயம்! ஆனா அந்த ஜனங்க சாப்பிட்டது ஈயம் கலந்த பளபளப்பு பூசின மண்பாத்திரத்துல.

நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, வைரஸ் புகுந்த ஒரு சர்வரை, வைரஸ் புகுந்த இன்னொரு சர்வரோட ஒப்பிட்டு, ரெண்டும் ஒரே மாதிரிதான் ஓடுது, அதனால ரெண்டும் நல்லாத்தான் இருக்குன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்த கதை. சுத்தமான சர்வர் எப்படி இருக்கும்னு யாருமே பார்த்ததில்லை.

சுத்தமான சர்வரைத் தேடினவர்

கிளேர் பேட்டர்சன் அதைத் தேடி வரலை. 1940-களின் கடைசியில, சிகாகோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவர். யுரேனியம் சிதைஞ்சு ஈயமா மாறுற வேகம் தெரியும். அதை வச்சுப் பாறைக்குள்ள இருக்குற ஈயத்தை அளந்தா பூமியோட வயசு கிடைக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் இருக்க வேண்டியதை விடப் பல மடங்கு ஈயம் வருது. குழாய்த் தண்ணியில ஈயம், கண்ணாடிக் குடுவையில ஈயம், காத்துல ஈயம், அவர் தலைமுடியில ஈயம்.

மனுஷன் விடலை. ஆசிட்ல கழுவி, தரையைத் துடைச்சு, ஒரு கட்டத்துல கால்டெக்கில் வடிகட்டின காத்து மட்டுமே வர்ற அறையைக் கட்டினார். விண்கற்கள்ல இருந்த ஈயத்தை அளந்து, பூமியோட வயசு 455 கோடி வருஷம்னு 1956-ல கட்டுரை போட்டார். இன்னைக்கும் பாடப்புத்தகத்துல இருக்குறது கிட்டத்தட்ட அதே எண்தான்.

வேற யாரா இருந்தாலும் அதோட காலரைத் தூக்கிவிட்டுட்டுப் போயிருப்பாங்க. இவருக்கு அந்த அழுக்கு உறுத்துச்சு. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்துச்சு? கடல் தண்ணியை அளந்தார். ஆழத்துல கம்மி, மேல்பரப்புல பல மடங்கு அதிகம். அதாவது சமீபத்துல, மேல இருந்து வந்து விழுந்திருக்கு. 1965-ல ஒரு மருத்துவ இதழ்ல எழுதினார்: சராசரி அமெரிக்கன் உடம்புல இருக்குற ஈயம் இயற்கையா இருக்க வேண்டியதைப் போலச் சுமார் 100 மடங்கு. எல்லார்கிட்டயும் இருக்குறது வேற, இயற்கையா இருக்குறது வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டோம்.

சுவாரசியம் என்னன்னா, அந்தக் கட்டுரையை வெளியிடலாமான்னு இதழ்க்காரங்க கருத்து கேட்டதுல கெஹோவும் ஒருத்தர். வெளியிடச் சொன்னார். வெளிய வந்தாத்தானே கிழிச்சுத் தொங்கவிட முடியும்னு அவர் எண்ணம்.

அதுக்கப்புறம் பேட்டர்சனுக்குப் பெட்ரோலியத் துறையில இருந்து வந்த ஆராய்ச்சிப் பணம் நின்னுச்சு. 1971-ல தேசிய ஆராய்ச்சிக் குழுமம் காத்துல இருக்குற ஈயத்தைப் பத்தி ஆராயக் குழு போட்டப்ப, அந்தத் துறையில உலகத்துலயே நல்லா அளக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அதுல இடம் கிடைக்கலை.

அவர் பாட்டுக்கு அளந்துட்டே இருந்தார். கிரீன்லாந்து பனியை அடுக்கடுக்கா வெட்டி எடுத்தார். வருஷா வருஷம் விழுந்த பனி, பரண்ல அடுக்கின பழைய டைரி மாதிரி. பழைய பனியில ஈயம் இல்லாத மாதிரிதான். தொழிற்புரட்சியில ஏறி, 1940-க்கு அப்புறம் விறுவிறுன்னு மேல போகுது. 1969-ல வெளியிட்டார். 1979-ல, பெரு நாட்டுல 1600 வருஷம் முன்னாடி புதைச்ச எலும்புகளை இவரும் சகாக்களும் அளந்தாங்க. இன்றைய மனுஷன் எலும்புல இருக்குற ஈயத்தோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்லை. கெஹோ மெக்சிகோவுல தேடினது கடைசியில பெரு கல்லறையில கிடைச்சுது.

பால்பல்லும் மூளையும்

சரி, 100 மடங்கு இருந்தா இருக்கட்டும். அதனால மூளைக்கு என்ன? கெஹோ காலத்துல ஈய பாதிப்புன்னா வலிப்பு, கோமா, கை தொங்கிப் போறதுதான். பிழைச்சு எழுந்துட்டா குணமாச்சுன்னு அர்த்தம். ஹெர்பர்ட் நீடில்மன்ங்கிற குழந்தை மருத்துவருக்கு ஒரு சந்தேகம். வலிப்பு வராத, பள்ளிக்கூடம் போய்ட்டு வர்ற சாதாரணக் குழந்தைக்கு என்ன ஆகுது?

ரத்தத்துல அளந்தா சமீபத்துல ஏறினதுதான் பெரும்பாலும் தெரியும். சில வாரத்துல பாதி குறைஞ்சுடும், எலும்புல போய் உட்கார்ந்துக்கும். உயிரோட இருக்குற குழந்தையோட எலும்பை எப்படி எடுக்குறது? பால்பல் விழுமே! பாஸ்டன் பக்கத்துல செல்சீ, சாமர்வில் ஊர்கள்ல ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்ககிட்ட விழுந்த பல்லைச் சேகரிச்சார். 1979-ல முடிவு வந்துச்சு. பல்லுல ஈயம் அதிகமா இருந்த பிள்ளைங்களுக்கு நுண்ணறிவுத் தேர்வுல மதிப்பெண் குறைவு. டீச்சருங்க யாருக்கும் எந்தப் பிள்ளை பல்லுல எவ்வளவுன்னு தெரியாது. ஆனாலும் கவனம் சிதறுது, சொன்னதைப் பின்பற்ற முடியலைன்னு அவங்க குறிச்சு வச்சதும் அதே வரிசையில ஏறுச்சு. எந்தப் பிள்ளையும் பார்க்க நோயாளி மாதிரி இல்லை.

காரணம் பின்னாடி தெளிவாச்சு. ஈய அயனி கால்சியம் அயனி மாதிரியே வேஷம் போடும். நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுறது கால்சியத்தை வச்சுத்தான். வளர்ற மூளையில அந்தக் கதவு வழியா ஈயம் உள்ள போய், கத்துக்கிறதுக்கும் ஞாபகத்துக்கும் வேணும்ங்கிற சமிக்ஞைகளைக் கெடுத்துடும்.

நீடில்மனையும் சும்மா விடலை. ஈயத் தொழிலுக்காகச் சாட்சி சொன்ன ரெண்டு உளவியலாளர்கள் கொடுத்த புகார்ல, ஆராய்ச்சி முறைகேடுன்னு 1991-ல விசாரணை. அவர் எல்லாரும் பார்க்கப் பகிரங்கமா நடத்துங்கன்னு போராடி, 1992-ல முறைகேடு இல்லைன்னு வெளிய வந்தார்.

எண் இறங்கின கதை

அமெரிக்காவுல ஈயம் குறைய ஆரம்பிச்சதுக்கு உடனடிக் காரணம் குழந்தைங்க மூளை கூட இல்லை. 1975 மாடல் கார்கள்ல புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்துச்சு, ஈயம் பட்டா அது கெட்டுடும். அதனால ஈயமில்லா பெட்ரோல் தேவைப்பட்டுச்சு. ஆனா 1976-80 தேசிய ஆய்வுல ஒரு அதிசயம். பெட்ரோல்ல ஈயம் சுமார் பாதியாக் குறைய, ஜனங்க ரத்தத்துல இருந்த சராசரி ஈயமும் கூடவே 37 சதவீதம் இறங்குச்சு. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டின மாதிரி. கெஹோ கேட்ட ஆதாரம், குழாயை மூடினதுக்கு அப்புறம்தான் கிடைச்சுது. 1996-ல சாலை வண்டிகளுக்கு முழுத் தடை.

அமெரிக்காவுல குழந்தைங்க ரத்தத்துக்கு வச்ச 'கவலைப்பட வேண்டிய' அளவைப் பாருங்க. எல்லாம் 100 மில்லி ரத்தத்துல மைக்ரோகிராம்:

1960-களில் 60
1970-ல் 40
1975-ல் 30
1985-ல் 25
1991-ல் 10
2012-ல் 5
2021-ல் 3.5

மனுஷ மூளை மாறலை. நமக்குப் புரிஞ்சது மாறுச்சு. 1970-ல 38 வாங்கின பிள்ளையோட அம்மா 'நார்மல்'னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பாங்க.

நம்ம ஊர்ல? 1995-ல கன்வர்ட்டர் வச்ச கார்களுக்காகச் சென்னை உள்பட நாலு பெருநகரங்கள்ல ஈயமில்லா பெட்ரோல் வந்துச்சு. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க. அதாவது என் வயசுக்காரங்க, தொட்டில்ல ஈயப்புகை வாங்கின கடைசி பேட்ச். எங்களுக்கு முன்னாடி பொறந்த அண்ணன் அக்காங்க, அப்பா அம்மா எல்லாரும் முழு இளமையையும் அதுலதான் கழிச்சிருக்காங்க. பெட்ரோல் மாறின பிறகும் கதை முடியலை. 2009-ல வெளியான ஒரு ஆய்வு, சென்னையில 3 முதல் 7 வயசு வரைக்கும் உள்ள 756 குழந்தைங்களை அளந்துச்சு. சராசரி 11.4. ஈயம் கூடக்கூட, பதற்றமும் கவனக்குறைவும் கூடியிருந்துச்சு.

உலகத்துல கடைசியா அல்ஜீரியா 2021 ஜூலையில நிறுத்துச்சு. மிட்ஜ்லியோட டிசம்பர்ல இருந்து கணக்குப் போட்டா, சரியா 100 வருஷத்துக்குச் சில மாசம் கம்மி. ஆனா 2020-ல யுனிசெஃப் கொடுத்த கணக்குப்படி உலகத்துல மூணுல ஒரு குழந்தை, சுமார் 80 கோடி பேர், 5-க்கு மேல. இப்ப பங்க்குல இருந்து வரலை. பழைய பேட்டரியைத் திறந்தவெளியில உடைச்சு உருக்குற பட்டறை, ஈயப் பெயின்ட், பளபளன்னு தெரிய ஈய குரோமேட் கலந்த மஞ்சள்தூள்னு வேற வழிகள்.

'இருக்கலாம்'ங்கிற வார்த்தை

கன உலோகமும் நரம்பு நோயும்னு பேச்சு வந்தாலே 'தொடர்பு இருக்கலாம்'ங்கிற வார்த்தை வந்துடும். அதைப் பிரிச்சுப் பார்க்கணும். ஈயம் குழந்தைங்க மூளையைப் பாதிக்கும்ங்கிறதுல இருக்கலாம் எல்லாம் கிடையாது, பாதிக்கும். மாங்கனீசுத் தூள் நிறைய சுவாசிச்ச தொழிலாளிங்களுக்கு பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் வரும்ங்கிறது 1837-ல ஸ்காட்லாந்துலயே பதிவாச்சு. பாதரசம் என்ன செய்யும்ங்கிறதுக்கு ஜப்பானோட மினமாட்டா சாட்சி. அல்சைமர் மாதிரி முதுமை நோய்களுக்கும் உலோகங்களுக்கும் உள்ள தொடர்புதான் இன்னும் நிஜமாவே 'இருக்கலாம்'. அதை முடிஞ்ச விஷயமா காட்டி, உடம்புல இருந்து உலோகத்தை உறிஞ்சி எடுக்குறேன்னு பவுடர் விக்கிறவங்ககிட்ட பர்ஸைக் கொடுத்துடாதீங்க. அந்த மாதிரி நிஜ மருந்து, ரத்தத்துல அளவு ரொம்ப ஏறினவங்களுக்கு ஆஸ்பத்திரியில வச்சுக் கொடுக்குறது.

அதே சமயம் 1925-ல ஹெண்டர்சனும் ஹாமில்டனும் கையில வச்சிருந்ததும் ஒரு 'இருக்கலாம்' மட்டும்தான். எதிர்த்தரப்பு, நிரூபிக்கிற வரைக்கும் விப்போம்னுச்சு. நிரூபிக்கிற பணமும் அவங்ககிட்ட, அளக்குற கருவியும் அவங்ககிட்ட. விஷம்னு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு பொருளை ஊர் முழுக்கத் தெளிக்கப்போறவன்தான் அது பாதுகாப்புன்னு முதல்ல காட்டணும். தெளிக்கப்படுறவன் செத்துக்காட்டி நிரூபிக்கணும்னா அது பரிசோதனை இல்லை.

அதனால அடுத்த தடவை எதைப் பத்தியாவது 'எல்லாம் நார்மல்தான்'னு யாராவது சொன்னா, யாரை வச்சு அந்த நார்மல், அளந்தவருக்குச் சம்பளம் யார்னு ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. பதிவுலக மக்கள்ல வேதியியல், மருத்துவம் படிச்சவங்க இருந்தா பின்னூட்டத்துல மேற்கொண்டு சொல்லுங்க. உங்க ஊர்ல பேட்டரி உடைக்கிற பட்டறை எங்க இருக்கு, பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கான்னு பார்த்து எழுதினா இன்னும் நல்லது.

உபரித் தகவல்: ஓசோன் படலத்தை ஓட்டை போட்ட குளிர்சாதன வாயுவையும் கொண்டு வந்தது இதே மிட்ஜ்லிதான். 1940-ல போலியோ வந்து கால் விழுந்துடுச்சு. படுக்கையில இருந்து தன்னைத் தூக்கிவிடக் கயிறும் கப்பியுமா ஒரு கருவி தானே செஞ்சார். 1944-ல அதே கயிறு கழுத்துல சுத்தி இறந்துபோனார்.